இன்வாய்ஸ் தேதி 12, ஏஜென்சி லெட்டர் தேதி 14: இஸ்லாமிய நிதிப் பத்திரங்கள் பத்தி வாசகர் கேள்வி பதில்

வட்டியைத் தவிர்க்கிற இஸ்லாமிய நிதி ஒப்பந்தங்களை எப்படி அமைக்கிறது, அதுக்கு பேப்பர் எப்படி எழுதுறது, அதுக்கான டிரெய்னிங் எங்க, எப்படின்னு கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். கோலாலம்பூர்ல ரொம்ப வருஷமா இந்தப் பத்திரங்களை எழுதி, பேங்க் ஊழியர்களுக்கும் இளம் வக்கீல்களுக்கும் வகுப்பும் எடுக்கிற வக்கீல் ஒருத்தர் பதில் சொல்றார்.

கேள்வி: அண்ணே, சட்டம் முடிச்சிட்டு சேம்பரிங் (சீனியர் வக்கீல்கிட்ட பயிற்சி) பண்ணிக்கிட்டிருக்கேன். ஆபீஸ்ல இஸ்லாமிக் பேங்க் ஃபைல் நிறைய வருது. நான் இந்து, அரபு ஒரு எழுத்து தெரியாது. இதுக்குன்னு டிரெய்னிங் எடுத்தா எனக்கு இடம் இருக்கா, இல்ல கடைசி வரைக்கும் டைப்பிங் பாக்குற வேலைதானா? (கிள்ளான்)

இடம் தாராளமா இருக்கு தங்கச்சி. மலேசியால இந்த வழக்கெல்லாம் ஷரியா கோர்ட்டுக்கு போறதில்ல, சிவில் கோர்ட்டுக்குத்தான் வருது, கேஎல் ஹைகோர்ட்ல 2003-லேர்ந்து முஆமலாத், அதாவது இஸ்லாமிய முறை கொடுக்கல் வாங்கல் வழக்குக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, அங்க எல்லா மதத்து வக்கீலும் வாதாடுறாங்க. அரபு மொழி தெரியணும்னு இல்ல, ஒரு இருபது வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சா போதும், ஆனா அந்த இருபதையும் நல்லா தெரிஞ்சிருக்கணும். இஜாரான்னா வாடகைன்னு மனப்பாடம் பண்ணிட்டு போயிடுறாங்க. வாடகைன்னா பொருள் யாருதோ அவரு தலையிலதான் அந்தப் பொருளோட ரிஸ்க் இருக்குங்கிறது மனசுல ஏறணும், அது ஏறினாத்தான் பத்திரம் எழுத வரும்.

ஒரு உதாரணம் சொல்றேன், இதை வச்சே நான் ஒரு மதியம் பூரா வகுப்பு எடுப்பேன். ஜேஆர்ஐ ரிசோர்சஸ்னு ஒரு கம்பெனி, குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸ்கிட்ட இஜாரா முறையில கப்பல்கள் எடுத்தாங்க. பணம் கட்டாம போனதும் பேங்க் கேஸ் போட்டுச்சு, கம்பெனி என்ன சொன்னாங்கன்னா, கப்பலை சரியா ஓட்ட முடியல, பெரிய மராமத்து பாக்கவேண்டியது சொந்தக்காரனான பேங்க்தான், இஜாரான்னா அதுதானேன்னாங்க. ஒப்பந்தத்துல பிரிவு 2.8 பராமரிப்பு மொத்தத்தையும் கஸ்டமர் தலையில கட்டியிருந்துச்சு. அந்தப் பிரிவு ஷரியாவுக்கு ஒத்து வருதான்னு மலேசியாவோட மத்திய வங்கியான பேங்க் நெகாராவோட ஷரியா ஆலோசனை கவுன்சிலுக்கு அனுப்பி, கவுன்சில் சொல்றது கோர்ட்டை கட்டுப்படுத்துமான்னு வழக்கு ஃபெடரல் கோர்ட் வரைக்கும் போச்சு. 2019-ல ஒம்போது நீதிபதிகள் உட்கார்ந்து 5-க்கு 4-னு கட்டுப்படுத்தும்னு தீர்ப்பு சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரே ஒரு பிரிவு, நாட்டோட உச்ச கோர்ட்டையே ரெண்டா பிரிச்சிருக்கு.

அந்தப் பிரிவை எழுதுறப்போ தினசரி பராமரிப்பு வாடகைக்கு எடுத்தவருக்கு, பொருள் உபயோகத்துல இருக்கிறதுக்கு வேண்டிய பெரிய மராமத்தும் இன்சூரன்சும் சொந்தக்காரருக்குன்னு பிரிச்சு எழுதணும். அதுக்கப்புறம், சொந்தக்காரர் சார்பா அந்த வேலையைப் பாக்க வாடகைக்காரரையே சர்வீஸ் ஏஜென்டா போடுற தனி ஒப்பந்தம் ஒண்ணு, செலவுக்கணக்கு எப்படி நேர் பண்றதுங்கிறதோட. சுகூக்னா வட்டிக்குப் பதிலா சொத்தோட வருமானத்தை வச்சு விடுற முதலீட்டுப் பத்திரம், இஜாராவை வச்சுப் போட்ட பெரிய சுகூக் ஃபைல்கள்ல பொதுவா இந்தப் பேப்பர் தனியா இருக்கும். இது ஏன் தனியா இருக்குன்னு உங்களுக்கு விளங்கிடுச்சுன்னா நீங்க டைப்பிங் வேலையில இல்ல.

கேள்வி: நானா, நான் கொழும்புல ஒரு பேங்க்ல இஸ்லாமிக் யூனிட்ல கிரெடிட் ஆபீசர். கஸ்டமர் ஒராள் மைசூர் பருப்பு இறக்குற வியாபாரி, நாங்க முறாபஹா கொடுத்தோம். இன்வாய்ஸ் 12ஆம் தேதி, ஏஜென்சி லெட்டரும் விற்பனை பேப்பரும் 14ஆம் தேதி. ஷரியா ஆடிட்ல அந்த லாபத்தையே எடுக்க ஏலாதுன்னு எழுதிட்டாங்க. கஸ்டமர் காசு கட்டுறார், பேங்குக்கு நட்டமில்ல, ரெண்டு நாள் தேதிக்கு இவ்வளவு பெரிய விஷயமா? எனக்கு விளங்குதில்ல.

தம்பி, ஆடிட் எழுதினது சரி. உங்க மேல தப்புன்னு நான் சொல்ல வரல, உங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரலன்னுதான் சொல்றேன்.

முறாபஹான்னா என்ன? பேங்க் ஒரு பொருளை வாங்குது, அது பேங்கோட பொருளா ஆகுது, கொஞ்ச நேரமாவது அதோட லாப நட்டம் பேங்க் மேல நிக்குது, அப்புறம் விலை இவ்வளவு, என் லாபம் இவ்வளவுன்னு திறந்து சொல்லி கஸ்டமருக்கு தவணையில விக்குது. லாபம் ஹலால் ஆகுறதே அந்த நடுவுல நின்ன நேரத்தாலதான். இப்போ உங்க ஃபைலை பாருங்க. 12ஆம் தேதி இன்வாய்ஸ் யார் பேர்ல இருக்கு? கஸ்டமர் பேர்ல. அப்போ பருப்பு அவரோடது, 12ஆம் தேதியே. 14ஆம் தேதி நீங்க ஏஜென்சி லெட்டர் கொடுத்து, எங்களுக்காக வாங்குன்னு சொல்றீங்க, வாங்கறதுக்கு ஒண்ணுமில்ல, அவர் ஏற்கனவே வாங்கிட்டார். அதே 14ஆம் தேதி நீங்க அவரோட சொந்தப் பருப்பை அவருக்கே விக்கிறீங்க. பருப்பை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது என்ன? பணம் கொடுத்து கூடுதல் பணம் வாங்கினது மட்டும்தான். அதுக்கு என்ன பேருன்னு உங்களுக்கே தெரியும்.

வரிசை இப்படி இருக்கணும். முதல்ல ஒரு மாஸ்டர் ஒப்பந்தம், இது ஒரு தடவை போட்டா போதும், பொது விதிகள்தான். அப்புறம் கஸ்டமர் உங்ககிட்ட, இந்தப் பொருள் எனக்கு வேணும், நீங்க வாங்கினா நான் வாங்கிக்குவேன்னு ஒரு வாக்குறுதி கொடுக்கிறார். இது ஒருத்தர் பக்கத்து வாக்குறுதியாத்தான் இருக்கணும், ரெண்டு பேரும் கட்டுப்பட்டுட்டா அது வாங்கறதுக்கு முந்தியே விற்பனை மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் பேங்க் சப்ளையர்கிட்ட நேரா வாங்குது. இஸ்லாமிய நிதிக்கு விதி வகுக்கிற அயோஃபிங்கிற அமைப்போட தரநிலை எண் 8, முறாபஹாவுக்குன்னே இருக்கிறது, பேங்க் தானே வாங்கணும், ஏஜென்ட் போட்டாலும் கஸ்டமர் இல்லாத வேற ஆளைப் போடணும், கஸ்டமரையே ஏஜென்டா போடுறது வேற வழியே இல்லாதப்போதான்னு சொல்லுது. நம்ம ஊர்கள்ல அந்த வேற வழியில்லாததுதான் வழக்கமாவே ஆயிடுச்சு, எனக்கு இது மனசுக்கு ஒப்பல, ஆனா நடக்குறது அதுதான். சரி, கஸ்டமர்தான் ஏஜென்ட்னா ஏஜென்சி லெட்டர் இன்வாய்ஸுக்கு முந்தின தேதியில இருக்கணும், இன்வாய்ஸ்ல பேங்க் பேர் இல்ல பேங்குக்காகன்னு இருக்கணும், காசு முடிஞ்ச வரைக்கும் பேங்க்லேர்ந்து நேரா சப்ளையருக்கு போகணும். சரக்கு கைக்கு வந்ததும் கஸ்டமர், உங்க சரக்கு என்கிட்ட உங்க சார்பா இருக்கு, இத்தனை மூட்டை, இந்த ஸ்டோர்ஸ்லன்னு ஒரு அறிவிப்பு கொடுத்து, இதை எனக்கு இந்த விலைக்கு கொடுங்கன்னு கேக்குறார். பேங்க் சரின்னு ஏத்துக்கிட்டு கையெழுத்து வைக்குது. அந்தக் கையெழுத்து விழற நிமிஷத்துலதான் விற்பனை. அறிவிப்புக்கும் அந்தக் கையெழுத்துக்கும் நடுவுல ஸ்டோர்ஸ் எரிஞ்சு போனா நட்டம் பேங்குக்கு, இதை நீங்க மனசார ஒத்துக்க முடியலன்னா முறாபஹாவே கொடுக்கக்கூடாது.

வகுப்புல நான் ஒண்ணு பண்ணுவேன். இந்த மாதிரி ஒரு ஃபைல்ல வர எட்டுப் பேப்பரையும் தேதியில்லாம பிரிண்ட் எடுத்து, கலைச்சு, ஒவ்வொரு மேசையிலயும் வச்சிடுவேன். பென்சிலால தேதி மட்டும் இல்ல, நேரமும் போடச் சொல்லுவேன். பத்து வருஷம் பேங்க்ல இருந்தவங்க கூட அறிவிப்பையும் ஏத்துக்கிற பேப்பரையும் ஒரே நேரத்துல போடுவாங்க. ஒரு தடவை ஒரு அம்மா, பேங்க்ல ஸ்டோர் செக் பண்ற வேலை பாத்தவங்க, அவங்க மேசையில மட்டும் ஒம்போதாவதா ஒரு தாளை அவங்களே கையால எழுதி வச்சிருந்தாங்க: ஆபீசர் போய் மூட்டையை எண்ணிப் பாத்த சீட்டு. அதுக்கப்புறம் என் எல்லா வகுப்புலயும் அந்த ஒம்போதாவது தாள் இருக்கு.

உங்க ஃபைலுக்கு வரேன். பின்தேதி போட்டு லெட்டர் திருத்தலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது ஷரியா பிரச்சனையை மோசடியா மாத்திடும். அசல் காசு திரும்ப வரும், லாபத்தை பொதுவா ஷரியா போர்டு தர்மக் கணக்குக்கு மாத்தச் சொல்லும், அது போகட்டும். அந்த கஸ்டமர் அடுத்த தடவை போன் பண்றப்போ முதல் கேள்வியா இதைக் கேளுங்க: சரக்கை ஏற்கனவே வாங்கிட்டீங்களா? ஆமான்னா முறாபஹா முடியாது, வேற வழி பாக்கலாம்னு சொல்லிடுங்க. இந்த ஒரு கேள்வியை கவுன்டர்ல இருக்கிற பிள்ளைங்க வரைக்கும் சொல்லிக் கொடுத்தா பாதி ஆடிட் குறிப்பு வராது.

கேள்வி: காக்கா, காயல்பட்டினம், இப்போ துபாய்ல அக்கவுன்டன்ட். இஸ்லாமிக் ஃபைனான்ஸ் சர்டிஃபிகேட் ஆன்லைன்ல நூறு வகை காட்டுது, ஆயிரக்கணக்குல திர்ஹம் கேக்குறாங்க. எதை எடுத்தா டிரான்சாக்ஷன் பக்கம் வேலைக்குப் போகலாம்?

மொதல்ல எதுக்குப் போறீங்கன்னு முடிவு பண்ணிக்கங்க தம்பி. அடிப்படை மட்டும் வேணும்னா லண்டன் சிஐஎஸ்ஐ நடத்துற இஸ்லாமிக் ஃபைனான்ஸ் குவாலிஃபிகேஷன் போதும். ஷரியா ஆடிட், அக்கவுன்டிங் பக்கம்னா பஹ்ரைன்ல இருக்கிற அயோஃபியோட சிஎஸ்ஏஏ, சிஐபிஏ ரெண்டுல ஒண்ணு. நீங்க இருக்கிற ஊருக்கு இது இன்னும் பொருந்தும், ஏன்னா யுஏஇ-ல 2018 செப்டம்பர் 1-லேர்ந்து இஸ்லாமிய பேங்குகள் அயோஃபி ஷரியா தரநிலைகளை கட்டாயம் பின்பத்தணும்னு ஆக்கிட்டாங்க. ஆழமா மாஸ்டர்ஸ் மாதிரி படிக்கணும்னா பேங்க் நெகாரா 2005-ல ஆரம்பிச்ச இன்சீஃப் இங்க கேஎல்ல இருக்கு.

ஆனா சர்டிஃபிகேட்டை விட நான் பாக்குறது வேற. எந்த கோர்ஸ்லயும் பணம் கட்டுறதுக்கு முந்தி ரெண்டு கேள்வி கேளுங்க: கையெழுத்துப் போட்ட நிஜப் பத்திரத்தை, பேரை மறைச்சாவது, மேசையில வைப்பீங்களா? நான் ஒரு பிரிவு எழுதினா அதைத் திருத்தித் தருவீங்களா? ரெண்டுக்கும் இல்லன்னா அது பவர்பாயின்ட்ல அரபு வார்த்தை படிக்கிற வகுப்பு. மூணு நாள் ஹோட்டல்ல உட்கார்ந்து, நல்லா சாப்பிட்டு, கோட் போட்ட போட்டோவோட திரும்பி வந்து, முறாபஹா ஃபைலை கையில கொடுத்தா முழிக்கிற பிள்ளைங்களை நான் நிறையப் பாத்திருக்கேன், அவங்க மேல எனக்குக் கோபம் வரல, அவங்க காசை வாங்கினவங்க மேலதான் வருது.

நீங்க அக்கவுன்டன்ட்ங்கிறது பெரிய பலம். அயோஃபி தரநிலைகள்ல 8 முறாபஹா, 9 இஜாரா, 17 சுகூக், இந்த மூணை மட்டும் மூணு மாசம் ஒரு பத்தி விடாம படிங்க. படிக்கிறப்போ ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்துல, இதுக்கு எந்தப் பேப்பர் சாட்சின்னு பென்சில்ல எழுதுங்க. அந்த நோட்டை இன்டர்வியூவுக்கு கொண்டு போங்க.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஈப்போ. என் மகன் வீடு வாங்க இஸ்லாமிக் பேங்க்ல 4 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) எடுத்தான், 35 வருஷம். பத்திரத்துல விற்பனை விலைன்னு 14 லட்சத்துக்கு மேல போட்டிருக்கு! ராத்திரி தூக்கம் இல்ல. ஏமாத்திட்டாங்களா?

பயப்படாதீங்க டீச்சர், உங்களை ஏமாத்தல. ஆனா அந்தத் தொகை என்னன்னு கையெழுத்து வாங்குறப்போ பக்கத்துல உட்கார்ந்து சொல்லியிருக்கணும், அது பேங்கோட, வக்கீலோட கடமை.

விஷயம் இதுதான். இப்போ இங்க வீட்டுக்கடன்ல அதிகமா ஓடுறது தவர்ருக் முறை. பேங்க் ஒரு சரக்கை, பெரும்பாலும் செம்பனை எண்ணெய் மாதிரி ஏதாவது, வாங்கி உங்க மகனுக்கு தவணையில விக்குது, மகன் சார்பா அதே பேங்க் ஏஜென்டா நின்னு அதை இன்னொருத்தருக்கு ரொக்கத்துக்கு வித்து அந்த 4 லட்சத்தை வீட்டுக்காரருக்கு கொடுக்குது. இதுக்குன்னே 2009-லேர்ந்து புர்சா சூக் அல்-சிலான்னு ஒரு சந்தையே நடக்குது. விற்பனைன்னா விலை முன்னாடியே முடிவாகணும், பாதியில ஏத்த முடியாது. ஆனா பேங்குக்கு சந்தை ரேட் ஏறி இறங்குறதோட லாபமும் ஏறி இறங்கணும். அதனால உச்ச ரேட்னு ஒண்ணு வச்சு, சாதாரணமா 10 சதவீதம் மாதிரி, அதுல விலையை எழுதிடுறாங்க. 4 லட்சத்துக்கு 35 வருஷம் 10 சதவீதத்துல கணக்குப் போட்டா சுமார் 14 லட்சத்து 44 ஆயிரம் வரும், நீங்க பாத்தது அதுதான். நிஜமா ஓடுற ரேட் 4 சதவீதம்னு வச்சுக்குங்க, மாசம் 1,771 வெள்ளி, மொத்தம் சுமார் 7 லட்சத்து 44 ஆயிரம். நடுவுல இருக்கிற 7 லட்சத்தை பேங்க் இப்ராங்கிற பேர்ல விட்டுக்கொடுக்குது.

அந்த இப்ரா பேங்கோட பெரிய மனசை நம்பி விட்ட விஷயம் இல்ல, பேங்க் நெகாரா அதை ஒப்பந்தத்துலயே எழுதணும்னு ஆக்கியிருக்கு. அதனால மகன் பத்திரத்தை எடுத்து ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு, முன்கூட்டியே கட்டி முடிச்சா இப்ரா எப்படிக் கணக்குன்னு சூத்திரம் இருக்கணும். இன்னொண்ணு, தாமதமா கட்டினா அபராதம் எவ்வளவு, அது அசலோட சேர்ந்து குட்டி போடாதுன்னு இருக்கணும். ரெண்டும் இருந்தா நிம்மதியா தூங்குங்க.

இளம் வக்கீல்கள் இந்தப் பதிலைப் படிக்கிறீங்கன்னா, டீச்சருடைய தூக்கத்தை மனசுல வைங்க. பத்திரத்துல விற்பனை விலைக்குப் பக்கத்துலயே இன்றைய ரேட்ல மொத்தம் இவ்வளவுதான்னு ஒரு சின்ன அட்டவணை போட எவ்வளவு நேரம் ஆகும்? நான் கேட்டுக்கிட்டே இருக்கேன், சில பேங்க் போடுது, சிலது போடல. தவர்ருக் பத்தியே எனக்கு மனக்குறை உண்டு, இஸ்லாமிய நாடுகளோட கூட்டமைப்பான ஓஐசியோட ஃபிக்ஹ் (இஸ்லாமிய சட்ட) அகாடமி 2009-ல இப்படி ஏற்பாடு பண்ணிச் செய்யுற தவர்ருக் கூடாதுன்னு சொல்லிச்சு, மலேசியா கவுன்சில் அனுமதிக்குது, பயிற்சியில ரெண்டு பக்கத்தையும் சொல்லித்தான் கொடுக்கணும்.

கேள்வி: சார், சென்னைல சட்டக்கல்லூரி மாணவன். ஒப்பந்தத்துல ‘இது ஷரியாவுக்கு உட்பட்டது’ன்னு ஒரு வரி போட்டா போதாதா, எதுக்கு இத்தனை பேப்பர்? அப்புறம் நம்ம ஊர்ல இதைப் படிச்சு என்ன பிரயோஜனம்? இங்க இஸ்லாமிக் பேங்கே கிடையாதே.

அந்த ஒரு வரி காப்பாத்தாதுன்னு லண்டன் கோர்ட் 2004-லயே சொல்லிடுச்சு தம்பி. பஹ்ரைனோட ஷாமில் பேங்க், பங்களாதேஷோட பெக்சிம்கோ, அவங்க ஒப்பந்தத்துல ஷரியா கொள்கைகளுக்கு உட்பட்டு இங்கிலாந்து சட்டம் பொருந்தும்னு போட்டிருந்தாங்க. பணம் கட்டாதவங்க, இது முறாபஹா இல்ல, மறைச்ச வட்டி, அதனால செல்லாதுன்னு வாதாடினாங்க. ஒரு ஒப்பந்தத்துக்கு ஒரு நாட்டோட சட்டம்தான் ஆளும் சட்டமா இருக்க முடியும், ஷரியான்னு பொதுவா சொன்னா அது எந்த விதின்னே தெளிவில்லன்னு அப்பீல் கோர்ட் சொல்லி, பணத்தைக் கட்டுன்னுடுச்சு. அதனால ஷரியா விதி எதுவோ அதை உடைச்சு, பிரிவு பிரிவா, ஒப்பந்தத்தோட சொந்த வார்த்தையாவே எழுதணும். இத்தனை பேப்பர் அதுக்குத்தான்.

2017-ல டானா காஸ் (Dana Gas)னு ஷார்ஜாவோட எரிவாயு கம்பெனி, தானே வெளியிட்ட சுகூக், 70 கோடி டாலர், ஷரியாவுக்கு ஒத்து வரல, அதனால கட்ட வேண்டியதில்லன்னு சொன்னப்போ இந்தத் துறையில இருக்கிற எங்களுக்கெல்லாம் வயித்துல புளியைக் கரைச்சுது. வித்தப்போ ஷரியான்னு சொல்லி வித்தது அவங்கதானே. லண்டன் கோர்ட், திரும்ப வாங்கிக்கிறேன்னு கொடுத்த வாக்குறுதிப் பத்திரம் இங்கிலாந்து சட்டப்படி செல்லும்னு சொன்னிச்சு, கடைசியில 2018-ல சமரசமா முடிஞ்சுது. அதுக்கப்புறம் வர சுகூக் பத்திரங்கள்ல, ஷரியாவுக்கு ஒத்து வரலன்னு நாங்க பின்னாடி வாதாட மாட்டோம்னு கம்பெனியே எழுதிக் கொடுக்குற பிரிவு வர ஆரம்பிச்சிடுச்சு. ஒரு வழக்கு எப்படி பத்திரத்தையே மாத்துதுன்னு பாக்க இதை விட நல்ல பாடம் இல்ல.

இந்தியா விஷயம் நீங்க சொன்னது சரிதான். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949, பிரிவு 8, பேங்க் சரக்கு வாங்கி விக்கக்கூடாதுன்னு சொல்லுது, அப்புறம் முறாபஹா எங்கிருந்து வரும்? 2017-ல ரிசர்வ் பேங்க்கும் இந்த யோசனையை மேல கொண்டு போறதில்லன்னு விட்டுடுச்சு. ஆனா படிக்கிறதுக்கு ஊர் தடை இல்ல. பிரிட்டிஷ் அரசாங்கமே 2014-ல 20 கோடி பவுண்டுக்கு சுகூக் விட்டுச்சு, மூணு அரசுக் கட்டிடத்தோட வாடகையை வச்சு. பங்குச்சந்தையில பட்டியலான சுகூக்கோட பிராஸ்பெக்டஸ் இலவசமா கிடைக்கும், அதுல பரிவர்த்தனைப் பத்திரங்களோட சுருக்கம்னு ஒரு பகுதி இருக்கும், அதுலேர்ந்து ஆரம்பிங்க. ஒரு பெரிய தாள்ல பெட்டி பெட்டியா யார் யாருன்னு வரைஞ்சு, சொத்து போற வழிக்கு நீலத்துல ஒரு அம்பு, பணம் போற வழிக்கு சிவப்புல ஒரு அம்பு போடுங்க, ஒவ்வொரு அம்பு மேலயும் அது எந்தப் பத்திரம்னு பேர் எழுதுங்க. பேர் எழுத முடியாத அம்பு ஒண்ணு மிச்சம் நின்னா எங்கயோ ஒரு பேப்பரை விட்டிருக்கீங்க, திரும்ப முதல் பக்கத்துலேர்ந்து வாங்க.